தாழம்பூவா மனோரஞ்சிதமா

இரண்டு புறங்கையிலும் இரண்டு வாசனையைப் பூசிக்கொண்டு திருவண்ணாமலைக் கடைத்தெருவில் ஒரு பகல் முழுக்க அலைந்திருக்கிறேன். வலது கையில் தாழம்பூ அத்தர், இடது கையில் மனோரஞ்சித அத்தர். நடந்துகொண்டே ஒரு கையை மூக்கருகே கொண்டுபோவேன், முகத்தைச் சுளிப்பேன், அடுத்த கையைத் தூக்குவேன். பார்த்தவர்கள் கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். கூட வந்த என் அண்ணி, "ஏம்மா, கைய கீழ எறக்கு, ஊரே நம்மளத்தான் பாக்குது" என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அது தலை ஆடி. வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறக்கும் முன் புதுப் பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போய்விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாதம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, பார்த்துக்கொள்ளவும் கூடாது. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். என் அண்ணன் வந்து என்னைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற பெண்கள் அந்த மாதத்தை ஏக்கத்தில் கழிப்பார்கள் என்று சொல்வார்கள். நான் கோபத்தில் கழித்தேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு பூ. என் புகுந்த வீடு திருவண்ணாமலையில் பூக்கடை வைத்திருக்கும் வீடு. மாமனார் காலமாகிவிட்டதால் மாமியார்தான் எல்லாம். கோபுரத்தைப் பார்த்த தெருவில் கடை. என் கணவர் விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வருவார். மாமியார் மாலை கட்டுவார். அர்ச்சனைக்கு உதிரிப்பூ, சாமிக்கு மாலை, பெண்களுக்குச் சரம் என்று எல்லாம் அங்கிருந்துதான் போகும். வீட்டுக்குள்ளும் ஈரக் கோணி, வாழைநார், கூடை கூடையாகச் சாமந்தி. எந்தப் பூவும் அந்த வீட்டுக்குள் வரலாம், தாழம்பூவைத் தவிர.

ஏன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாமலையார் அடியும் முடியும் தெரியாத நெருப்பாக நின்றபோது, முடியைத் தேடிப் போன பிரம்மா அதைக் காணாமலே கண்டேன் என்றார். வழியில் கிடைத்த தாழம்பூ, ஆமாம், பார்த்தார் என்று பொய்ச் சாட்சி சொன்னது. அன்றிலிருந்து சிவன் கோயிலில் அந்தப் பூவுக்கு இடமில்லை. மற்ற ஊர்களில் இது புராணம். திருவண்ணாமலையில் இது போன வாரம் தெருமுனையில் நடந்த சண்டை மாதிரி. என் மாமியார் அந்தப் பூவின் பெயரைச் சொல்லும்போதே அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு மோசக்காரியைப் பற்றிப் பேசுவது போல உதட்டைப் பிதுக்குவார்.

கீழ்பென்னாத்தூரில் நாங்கள் அவ்வளவு கறார் பார்த்ததில்லை. கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டோம், அவ்வளவுதான். ஏரிக்கரைப் புதரிலிருந்து அண்ணன் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு தாழம்பூ வெட்டி வருவார். வாடின மடலைப் புடவைப் பெட்டியில் போட்டு வைப்போம். நல்ல மடலை அண்ணி மடித்து மடித்து என் ஜடையில் வைத்துத் தைப்பாள். எனக்கு அந்த வாசனை என்றால் உயிர். காரணம் எல்லாம் கேட்காதீர்கள். சிலருக்குப் புளியங்காய் பிடிக்கிறது, எனக்கு அது பிடித்தது.

ஆனி மாதம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நானும் கணவரும் போயிருந்தோம். அண்ணி ஆசையாகத் தாழம்பூ ஜடை தைத்துவிட்டாள். அப்படியே பஸ் ஏறித் திரும்பினோம். வாசலில் கால் வைக்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்கயே நில்லு. தலையில இன்னாது அது?"

"பூவுங்க அத்தை."

"பூவுன்னு எனக்குத் தெரியாதா? அத எடுத்துப் போட்டுட்டு உள்ள வா. இது அண்ணாமலையார அண்டிப் பொழைக்கற வூடு."

சரம் என்றால் ஒரு இழுப்பில் எடுத்துவிடலாம். இது தைத்த ஜடை. தெருவில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் வளைத்து, ஒவ்வொரு நூலாகத் தேடி அறுத்தேன். மடலின் ஓரத்து முள் விரலைக் குத்தியது. எதிர் வீட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். முடி கலைந்து, பாதி மடல் கீழேயும் பாதி தலையிலுமாகத் தொங்க, நான் பிடாரி மாதிரி நின்றிருந்தேன். அவ்வளவு நேரமும் என் கணவர் பெட்டியைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார். "உள்ள வந்து எடுக்கட்டும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமியாரின் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அது சாதாரண வருத்தம். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. கணவர் வாய் திறக்காமல் நின்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த மனிதரோடு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கப் போகிறேன், எத்தனையோ வாசல்களில் நிற்கப் போகிறேன், அத்தனை வாசலிலும் இவர் செருப்பைத்தான் பார்ப்பாரா என்ற கேள்வி என்னை உட்காரவிடவில்லை. ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் எந்த வேலையையும் முழுதாகச் செய்யவில்லை. வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து தோட்டத்துக்குப் போவேன். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கப் போனால் வாளியை வைத்துவிட்டு உள்ளே வருவேன். அண்ணி, "கால்ல சக்கரமா கட்டியிருக்குது?" என்பாள்.

ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது அண்ணிதான் என்னைத் திருவண்ணாமலைக்குக் கிளப்பினாள். புது வளையல், ரவிக்கைத் துணி, அப்படியே ஒரு வாசனை எண்ணெய். "ஒரு மாசம் பிரிஞ்சி இருந்துட்டுப் போற. நல்லா வாசனையா போய் நில்லு. அவரு மத்ததெல்லாம் மறந்துருவாரு" என்று கண்ணடித்தாள். மறக்க வேண்டியது அவர் இல்லை, நான்தான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அவளுக்கு அந்த வழிதான் தெரிந்தது.

பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு பாய் கடை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அத்தர், ஊதுபத்தி, சாம்பிராணி விற்கிற குடும்பம். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பன்னீரும் சந்தனமும் அங்கேதான் வாங்குவார்கள். அன்று கடையில் இருந்தவர் பேச்சுப் பிரியர். நாங்கள் படியேறும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கம்மா, பொண்ணுக்கா? லேசா வேணுமா, ஜாஸ்தியா நிக்கணுமா?"

"நிக்கணும் பாய். ஆனா வெல கம்மியா இருக்கணும்" என்றாள் அண்ணி.

"கம்மியில நிக்கறதா? அதுக்கும் இருக்குது" என்று சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைத் திறந்து பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ரோஜா தண்ணியாக இருந்தது. மல்லிகை எனக்கு வேண்டவே வேண்டாம். பூக்கடையில் வாழ்க்கைப்பட்டவள் மல்லிகையைக் காசு கொடுத்து வாங்குவாளா? கடைசியில் இரண்டு குப்பிகளை முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே விலை. இரண்டிலும் எண்ணெய் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கெட்டியாக இருந்தது.

முதல் குப்பியைத் திறந்தவுடன் என் தலை தானாகத் திரும்பியது. தாழம்பூ. முதலில் பச்சை மடலைக் கிழித்தாற்போல ஒரு காரம். அது அடங்கியதும் தேன் மாதிரி ஒரு தித்திப்பு. அதற்கும் அடியில் சந்தனமோ என்னவோ, பட்டுப்புடவைப் பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு இருட்டு. பாய் அதை என் வலது புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். இரண்டாவது மனோரஞ்சிதம். அதுவும் தித்திப்புதான், ஆனால் வேறு தித்திப்பு. சாக்குப் போட்டு மூடிப் பழுக்க வைத்த பலாவும் வாழையும் சேர்ந்த மாதிரி, மூக்கில் நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அது இடது கைக்கு.

"மனோரஞ்சிதம் நெனச்ச வாசன குடுக்கும்மா. பலான்னு நெனச்சா பலா, மாம்பழம்னு நெனச்சா மாம்பழம்" என்றார் பாய்.

"சாமிக்கும் ஆவும்" என்று அண்ணி என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. யார் என்ன நினைக்கிறார்களோ அதுவாக ஆகிக்கொள்கிற வாசனை. அத்தை நினைத்தால் ஒன்று, அவர் நினைத்தால் ஒன்று. நல்ல மருமகளுக்கென்றே படைத்த பூ. ஆனால் வாசனை என்னவோ உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் தொந்தரவு. ஒன்று நாற்றமடித்திருந்தால் அந்த நிமிடமே வேலை முடிந்திருக்கும்.

"கழுவினா போயிடுமா பாய்?" என்று கேட்டேன்.

"சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் ரெண்டு நாளைக்குப் போவாது. துணியில பட்டா தொவைச்சாலும் இருக்கும்" என்றார் அவர் பெருமையாக.

அந்தப் பேச்சைக் கேட்டதும் என் உடம்பில் ஏதோ ஓடியது. பூவை வாசலில் நிறுத்தி எடுக்கச் சொல்லலாம். இதை அத்தை எப்படி எடுக்கச் சொல்வார்? அதுவரை எனக்கு ஆவணியில் திரும்பிப் போவதா வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. இப்போது எப்படிப் போவது என்ற கேள்வியும் கையில் வந்து ஒட்டிக்கொண்டது. வலது கையை முகர்ந்தேன். இடது கையை முகர்ந்தேன். பாய் சிரித்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. ஒடம்பு சூடு பட்டாதான் எது நிக்குது, எது போவுதுன்னு தெரியும்."

சுற்றினோம். வளையல் கடையில் கடைக்கார அம்மாள் என் வலது கையைப் பிடித்து வளையலை ஏற்றும்போது மூக்கை உறிஞ்சி, "இன்னா வாசனம்மா" என்றாள். இடது கைக்கு மாறியதும் மறுபடி உறிஞ்சிவிட்டு ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். ஹோட்டலில் காபி குடிக்க உட்கார்ந்தால் காபி வாசனை இரண்டையும் மறைத்துவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதிக் காபியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணி மீதிக் காபியையும் குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? மனோரஞ்சிதத்த எடு. உங்க அத்தைக்கும் ஒத்துக்கும், உனக்கும் வாசன. எதுக்கு வீண் வம்பு?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வெயில் ஏறியிருந்தது. தேரடித் தெருவில் கைகளை விசிறிக்கொண்டு நடந்தேன். சூட்டில் தாழம்பூவின் காரம் போய்த் தித்திப்பு மட்டும் நின்றது. மனோரஞ்சிதம் இன்னும் கனிந்து, கொஞ்சம் திகட்டியது. ஆனால் ஒரு நிமிடம் கழித்து முகர்ந்தால் மனோரஞ்சிதம்தான் உயர்த்தி என்று பட்டது. சரி, இதுவே இருக்கட்டும், பெண்ணாய்ப் பிறந்தவள் ஒரு குப்பி அத்தருக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வாளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே போனவள் எந்தத் தெருவில் நடக்கிறேன் என்று கவனிக்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எதிரே எங்கள் பூக்கடை.

மாமியார் இல்லை. என் கணவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒரு சோடாக் கடைப் பந்தலின் மறைவில் நின்றோம். "போயி ஒரு வார்த்த பேசிட்டு வாயேன். யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் அண்ணி. "ஆடியிலயா?" என்றேன். சாக்குதான். அவர் பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை மடித்து, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு மாதத்தில் இளைத்துவிட்டார் போல. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் எனக்கு ஓடிப்போய் அந்த முழங்கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது ஒரு அம்மாள் சரம் வாங்க வந்தாள். அவர் முழம் போட்டு அளந்தார். அவள், "இது ஒரு முழமா? உன் கை கட்டக் கை" என்றாள். அவர் பேசாமல் ஒரு சாண் விட்டு அறுத்தார். அவள் விடவில்லை. "நேத்து வாங்கினதும் இப்படித்தான்" என்றாள். அவர் இன்னும் நாலு கண்ணி சேர்த்துக் கொடுத்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடுத்து வந்தவன் அர்ச்சனைப் பூவில் கூட ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் கேட்கிறவருக்கெல்லாம் ஒரு சாண் கூடக் கொடுக்கிற மனிதரிடம் எனக்கென்று ஒரு வார்த்தை இல்லையா? அந்த ஆசை அப்படியே நெருப்பாக மாறியது.

"வாங்க அண்ணி, பாய் கடைக்குப் போலாம்" என்று திரும்பி நடந்தேன். போனதும் தாழம்பூக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அண்ணி பாய்க்கு முன்னால் ஒன்றும் பேசவில்லை. தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீ குடும்பம் பண்ணப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன். பஸ்ஸில் அவளிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். இதைப் பூசிக்கொண்டு போய் வாசலில் நிற்பேன். அத்தை கேட்பார். என் கணவர் எனக்காக வாயைத் திறந்தால் அந்த வீட்டில் நான் வாழ்வேன், என்ன சொன்னாலும் பொறுத்துக்கொண்டு வாழ்வேன். திறக்காவிட்டால் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிவிடுவேன். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. "வெளையாடாதம்மா" என்றாள். நான் விளையாடவில்லை. அந்த வயதில் எனக்கு விளையாட்டே தெரியாது, எல்லாமே வினைதான்.

ஆவணி பிறக்கும்வரை அந்தக் குப்பி என் நிம்மதியைத் தின்றது. பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்ப்பேன், மூடுவேன். பூசப் போவதில்லை என்று காலையில் முடிவு செய்வேன். சோறு வடிக்கும்போது அந்த முடிவு மாறிவிடும். அண்ணி நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தாள், பாயிடம் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள், அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டவும் செய்தாள். ஆனால் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அண்ணன் குப்பியைக் கிணற்றில் எறிந்திருப்பார்.

ஆவணி முதல் தேதி அவர் வந்தார். வெற்றிலை பாக்கு, பழம், வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம். சரத்தை நேராக என்னிடம் கொடுக்காமல் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி என் தலையில் வைத்துவிட்டாள். சாப்பாடு ஆனதும் நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குப்பியைத் திறந்தேன். இரண்டு கை மணிக்கட்டு, கழுத்து, காதுக்குப் பின்னால், ஜடை நுனி, புடவைத் தலைப்பு. அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டது. அறை முழுக்க ஏரிக்கரை வந்து நின்றது. வெளியே வந்தபோது அண்ணி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு முறை மூச்சை இழுத்தார். நான் காத்திருந்தேன். "இந்தப் பக்கம் நல்ல மழ போல" என்றார். ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். முன் சீட்டிலிருந்த ஒரு பெண் திரும்பி, "தாழம்பூவாம்மா? எங்க கெடச்சுது?" என்று கேட்டாள். "அத்தருங்க" என்றேன், அவருக்கும் கேட்கும்படி. அவர் கழுத்து நரம்பு ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான். ஊர் நெருங்க நெருங்க மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குக் கைகால் வியர்த்தது. வியர்வையில் வாசனை இன்னும் எழும்பியது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அங்க கொழா இருக்குது. கைகால் கழுவிக்கினு போலாமா?"

"எதுக்கு?"

"இல்ல... தூசி."

"தூசிய வூட்ல போய்க் கழுவிக்கலாம்."

அவ்வளவு பேசியதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பேச்சு வராத மனிதர் இல்லை, என்னைக் கழுவச் சொல்ல மட்டும் பேச்சு வருகிறது. பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டரிடம், "கீழ்பென்னாத்தூருக்குக் கடைசி பஸ் எப்பங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார், பதிலைக் கேட்டார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் பெட்டி அவர் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

மாமியார் வாசலிலேயே இருந்தார். கோலம் போட்டு, செம்பில் தண்ணீரோடு சிரித்த முகமாக நின்றார். "வாம்மா, வா. எளச்சிட்டியே" என்று ஒரு அடி முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூவில் பிறந்து பூவில் வளர்ந்த மூக்கு. கண்ணை மூடிக்கொண்டு கூடையைக் கடந்தாலும் உள்ளே என்ன பூ என்று சொல்லிவிடுவார். என் தலையைப் பார்த்தார். மல்லிகைச் சரம்தான் இருந்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பி ஜடையைத் தூக்கிப் பார்த்தார். கொசுவத்தைக்கூட ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க வெச்சிருக்க?"

"எங்கயும் இல்லீங்க அத்தை."

"வாசன வருதே."

"அத்தருங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மறுபடி ஒரு முறை முகர்ந்து பார்த்தார். பிறகு, "போய்க் கொல்லையில கழுவிட்டு வா" என்றார்.

"கழுவினா போவாதுங்க அத்தை."

இதைச் சொல்லத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். சொல்லும்போது வெற்றியாக இல்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாமியாரின் முகம் சிவந்தது. செம்பைக் கீழே வைத்தார்.

"ஆடிக்கு அனுப்பினா உங்க வூட்ல இதத்தான் கத்துக் குடுத்து அனுப்பினாங்களா? வேணும்னே பண்றாங்களா? யாரு வாங்கிக் குடுத்தது இத? உங்க அண்ணியா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது யார் குரல் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரமானது.

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன்."

மாமியார் மகனைப் பார்த்தார். "நீயா?"

"ஆமா."

"எங்க வாங்கின?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே வாங்கினது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "எங்கடா வாங்கின?" என்று மாமியார் மறுபடி கேட்டார். அவர் கண் மறுபடி செருப்புக்கு இறங்கப் பார்த்தது. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுகை இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பிடிச்சிருக்கு, விடும்மா என்று நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா? பொய் சொல்லித்தான் என் பக்கம் வர முடியுமா? நானேதான் வாங்கினேன் என்று உண்மையை உடைக்க நாக்கு துடித்தது. உடைத்தால் ஜெயிப்பது நான்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அம்மாவை எதிர்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம் தெருவில் விழுந்து கிடக்கும்.

"பள்ளிவாசலண்ட பாய் கடையிலங்க அத்தை" என்றேன். "ரெண்டு காமிச்சாங்களாம். மனோரஞ்சிதமும் இருந்துச்சாம். எனக்கு இதுதான் புடிக்கும்னு இத எடுத்தாராம்." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னை விட்டுவிட்டு மகனிடம்தான் கேட்டார்.

"இவளுக்கு இதான் புடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவர் தலையைத் தூக்கினார்.

"தெரியும்மா. அன்னிக்கி இங்க நின்னு அவ அத அவுத்தா இல்ல, அப்பப் பாத்தேன்."

அன்று எங்கள் இருவர் வாயிலிருந்தும் வந்ததில் அது ஒன்றுதான் உண்மை. மாமியார் குனிந்து செம்பை எடுத்துக்கொண்டு, வாசலை விட்டு ஒதுங்கி நின்றார்.